சும்மா நிற்கத் தெரியாத வண்டி

சித்தியின் வண்டி பார்க்கிங் தடுப்புக் கட்டையை உடைத்த அன்று வீட்டில் யாரும் கட்டையைப் பற்றிப் பேசவில்லை. காலைப் பற்றித்தான் பேசினார்கள். சித்தியின் வலது கால்.

"கட்டை முழுசா மேல எழும்பற வரைக்கும் பிரேக்ல நிக்கக் கூடாதா?" என்றார் சித்தப்பா.

"பிரேக்லதான் நின்னேன். கட்டை மேல போக ஆரம்பிச்சுது, கிளச்சைக் கொஞ்சம் விட்டேன். பாஞ்சிடுச்சு."

"தானா பாயறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா?"

"ரெண்டு மாசமா சிக்னல்ல நின்னாலும் தானா உறுமுது. நான் மிதிக்கல."

"மிதிக்காம எப்படி உறுமும்?" சித்தப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சித்தி குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். வழக்கமாகத் திருப்பிச் சொல்வாள்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பாசிப் பச்சை நிறம், துணிக் கூரை. உட்கார்ந்தால் இடுப்பு ரோட்டில் உரசுவது போல இருக்கும். முன்பு ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். அவருக்கு அதில் இறங்கி உட்கார முடிந்தது, எழுந்து வர முடியவில்லை. ரோட்டில் தவழ்ந்து வெளியே வருகிற டாக்டரிடம் யார் வாயைத் திறந்து காட்டுவார்கள் என்று சித்தியிடம் தள்ளிவிட்டார்.

சித்தி திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். மோட்டார் வைத்த பெரிய தையல் மெஷின். காலை அழுத்தினால் தட தடவென்று ஓடும், லேசாகத் தொட்டால் ஒரே ஒரு தையல் போட்டு நிற்கும். நூறு அடி திரையை ஒரே ஓட்டமாக ஓட்டி, மூலையில் ஊசியை வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். அந்த வீட்டில் யாருக்காவது காலில் மூளை இருந்தது என்றால் அது அவளுக்குத்தான். அந்தக் காலைத்தான் எல்லோரும் சேர்ந்து சந்தேகப்பட்டார்கள்.

போன வருடம் அவளுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. சந்தேகத்துக்கு அது போதும்.

அவர்களுடைய மகள், எனக்குத் தங்கச்சி முறை, பிசியோதெரபிஸ்ட். ஊரில் இருக்கிற கால்களையெல்லாம் நடக்க வைப்பவள். விஷயம் கேள்விப்பட்டு மாலையே வந்தாள். குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"அம்மா, கண்ணை மூடிக்கோ. அஞ்சு கிலோ அழுத்து."

சித்தி அழுத்தினாள். முள் ஐந்தில் நின்றது.

"பத்து."

பத்து.

"ரெண்டு."

ரெண்டு. முள் அங்கேயே ஆடாமல் நின்றது. சித்தி கண்ணைத் திறந்து, "கடைல வேலை குடுப்பாங்களா, தராசுக்குப் பதிலா?" என்றாள்.

"வீட்ல சரியா செய்யற. ரோட்ல பதட்டத்துல என்ன செய்யறேன்னு உனக்கே தெரியாதும்மா. ஆபரேஷன் ஆன காலுக்கு அப்படி நடக்கும். தான் எங்க இருக்கோம்கறதே அதுக்கு மறந்துபோகும்."

"கால் என்கூடத்தான் இருக்கு. எங்கயும் போகல."

"இன்னைக்குக் கட்டை. நாளைக்கு ஆளா இருந்தா?"

சித்தி வண்டிச் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவே இல்ல, அதுக்குள்ள வண்டிலதான் கோளாறுன்னு காட்டலைன்னா இதை நீயே எடுத்துட்டுப் போ. அப்புறம் நான் எந்த வண்டியும் ஓட்டல."

தங்கச்சி சரி என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாதான் வாயைத் திறந்தாள். "நீ சும்மாதானடா இருக்கே. பாரேன்."

நான் சும்மா இருந்தது உண்மை. கிடங்கில் இரவு ஷிஃப்ட்டை விட்டிருந்தேன். அதற்கு முன்னால் பாலிடெக்னிக்கை விட்டிருந்தேன். விடுவதில் நல்ல அனுபவம் உண்டு. மாடியில் அம்மாவோடு இருக்கிறேன், கீழே சித்தி குடும்பம். படிப்பை விடுவதற்கு முன்னால் எஞ்சின் பாடம் வரை வந்திருந்தேன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் வரவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இந்த ரெண்டு மாசத்துல யாராவது வண்டில ஏதாவது செஞ்சீங்களா?"

"நான் அதைத் தொடறதே இல்ல," என்றாள் தங்கச்சி.

"எனக்கு அது பக்கத்துல போனாலே பயம்," என்றாள் அம்மா.

"ஒண்ணும் செய்யலையே," என்றார் சித்தப்பா.

நான் நம்பினேன். அங்கேதான் ஒரு வாரம் போயிற்று.

*

மறுநாள் காலை வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவருக்குத் தெருவில் நிதானம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "நிதானமா பாப்போம்" என்பார். ஒருமுறை அவர் பட்டறையில் தீப்பிடித்தபோதும் அதைத்தான் சொன்னார் என்று கேள்வி.

நிதானம் எஞ்சினைக் கிளப்பினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எஞ்சின் ஒரே சீராக, பூனை தூங்குவது போலச் சத்தம் போட்டது. எஞ்சின் வேகத்தைக் காட்டும் வட்டத்துக்குள் முள் ஆயிரத்துக்குக் கீழேயே நின்றது.

"அக்கா, இது பாட்டு பாடுது. இதுல என்ன குறை?"

"சிக்னல்ல ரெண்டாயிரத்துக்குப் போகுதுப்பா."

"இப்ப போகலையே."

"போகும்."

நிதானமாக இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். போகவில்லை. பட்டறை வாசலில் வேறு மூன்று வண்டிகள் நின்றன. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"யாருக்கா இதைக் கட்டினது? கம்பெனில கூட இவ்ளோ அழகா கட்ட மாட்டான். ஒரு ஒயர் தொங்கலையே."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தெரியாது என்று தலையாட்டினேன். "பல் டாக்டரா இருக்கும்," என்றாள் சித்தி. "கம்பி கட்டிக் கட்டிப் பழகின கை."

நிதானம் பானெட்டை மூடினார். பிறகு அவர் பார்வையும் மெதுவாகக் கீழே இறங்கியது. சித்தியின் செருப்புக்கு. "அக்கா, கொஞ்சம் சின்னதா செருப்பு போட்டு ஓட்டிப் பாருங்க."

வீட்டுக்கு நடந்தே வந்திருக்கலாம், அவ்வளவு பக்கம். சித்தி வண்டியில்தான் வந்தாள். வாசலில் நிறுத்தும் வரை வண்டி ஒரு முறைகூட உறுமவில்லை. அது அவளுக்கு நல்லதாக இல்லை.

*

நிற்கும்போது எஞ்சின் வேகமாக ஓடுகிறது என்றால் தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். பாடத்தில் அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் இருந்தது. காற்று, அதைப் பெட்ரோலோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் கதவு வழியாகப் போகலாம், அல்லது எங்காவது வெடித்த ரப்பர் குழாய் வழியாகத் திருட்டுத்தனமாகப் போகலாம். பழைய வண்டி, பழைய ரப்பர். திருட்டு வழியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை அம்மாவிடம் வாங்கினேன். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு குழாயிலும் இணைப்பிலும் தெளித்துப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் தண்ணீரை உறிஞ்சும், எஞ்சின் தடுமாறும். சித்தப்பா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் நாடக அரங்கில் விளக்கு வேலை பார்ப்பவர். அடுத்த நாடகம் ஆரம்பிக்கும் வரை விடுமுறை.

"என்னடா, காரைக் குளிப்பாட்டறியா?"

"எங்கயாவது காத்து வாங்குதான்னு பாக்கறேன் சித்தப்பா."

"எங்க அரங்குக்கு வா. போன நாடகத்துல மூணாவது வரிசையிலேருந்து கடைசி வரைக்கும் காத்து வாங்கிச்சு."

எஞ்சின் தடுமாறவில்லை. எல்லா ரப்பரும் நன்றாகவே இருந்தது. நான் நனைந்ததுதான் மிச்சம்.

அடுத்து ஸ்க்ரூ. கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு லீவர் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கேபிள் அந்த லீவரை இழுக்கும், கதவு திறக்கும். காலை எடுத்தால் லீவர் திரும்பி வந்து ஒரு ஸ்க்ரூவின் முனையில் உட்காரும். அந்த ஸ்க்ரூதான் வண்டி நிற்கும்போது கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்வது. வெளியே திருகினால் எஞ்சின் வேகம் குறைய வேண்டும்.

சித்தியை ஊரைச் சுற்றி ஓட்டிவரச் சொன்னேன். அவள் திரும்பி வந்தபோது வாசலில் வண்டி நிஜமாகவே உறுமிக்கொண்டிருந்தது. சித்தப்பா உள்ளே போயிருந்தார். கூப்பிடுவதற்குள் சித்தி, "வேண்டாம், வந்ததும் காலைத்தான் பார்ப்பார்," என்றாள்.

நான் ஸ்க்ரூவைத் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் திருகினேன். முள் கொஞ்சம்கூட இறங்கவில்லை. ஸ்க்ரூ கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய சித்தியின் வண்டி வாசலிலேயே அணைந்தது. கிளப்பினாள், அணைந்தது. மறுபடி கிளப்பினாள், அணைந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை வந்தது. சித்தி இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தாள். 

நான் வாசலில் நின்று யோசித்தேன். நேற்று சூடாக இருந்தபோது அந்த ஸ்க்ரூவைத் திருகியது எஞ்சினுக்குத் தெரியவே இல்லை. இன்று ஆறியிருக்கும்போது நன்றாகத் தெரிகிறது. ஒரே ஸ்க்ரூ எப்படி ராத்திரி செவிடாகவும் காலையில் காது கேட்பதாகவும் இருக்கும்? லீவர் ஸ்க்ரூவின் மேல் உட்கார்ந்திருந்தால்தானே அது சொல்வது கேட்கும்.

ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். சட்டைப் பையில் ஒரு பழைய பஸ் டிக்கெட் இருந்தது. லீவரைக் கையால் விலக்கி, ஸ்க்ரூவுக்கும் லீவருக்கும் நடுவில் டிக்கெட்டை வைத்து விட்டேன். கவ்விக்கொண்டது. இழுத்தால் கிழியும், வராது.

*

அன்று சாயங்காலம் சித்தியோடு வண்டியில் போனேன். எனக்கு அவள் காலைப் பார்க்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தபடி பார்க்க முடியாது, ஸ்டீயரிங் மறைக்கும். அதனால் சீட்டில் குறுக்காகப் படுத்துத் தலையை அவள் முட்டிக்குக் கீழே விட்டுக்கொண்டேன். கையில் ஒரு சின்ன டார்ச்.

"வெளியிலேருந்து பாக்கறவங்க என்னடா நெனைப்பாங்க?"

"ஏதோ விழுந்துடுச்சு, தேடறான்னு நெனைப்பாங்க."

"ஊர் முழுக்கவா தேடுவே?"

பெரிய சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பஸ். ஜன்னலோர ஆள் எங்கள் வண்டிக்குள் நேராகக் குனிந்து பார்ப்பதாகச் சித்தி சொன்னாள். சித்தியின் இடது கால் கிளச்சில் இருந்தது. ரோடு சமம், வலது காலைப் பெடலை விட்டே எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். ஆக்சிலேட்டருக்கும் அவள் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

எஞ்சின் உறும ஆரம்பித்தது. தலைக்கு மேலே எங்கேயோ சித்தி சொன்னாள், "ரெண்டாயிரத்தைத் தாண்டிடுச்சு."

"உன் கால் பெடல்ல இல்ல சித்தி."

"தெரியும்," என்றாள்.

பச்சை விழுந்தது, வண்டி துள்ளிப் புறப்பட்டது, நான் மண்டையில் இடித்துக்கொண்டேன். அடுத்த சிக்னலில் நின்றதும் சித்தி கேட்டாள்.

"நிஜமாவே இல்லையா?"

"இல்ல. தரைல இருக்கு. இப்பவும் தரைலதான்."

"பட்டறைல மூணு நாளா நான் மெஷின்ல உக்காரலடா. துணி வெட்டித் தரேன்னு சொல்லி நின்னுக்கிட்டே இருக்கேன். கால் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

நான் எழுந்து நேராக உட்கார்ந்தேன். டார்ச்சை அணைத்தேன். 

வீட்டு வாசலில் எஞ்சினை அணைக்கச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். டிக்கெட்டைக் காணவில்லை. லீவர் விலகியதில் எங்கோ விழுந்திருந்தது. புதிதாக ஒரு காகிதத்தை நடுவில் விட்டேன். வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. எஞ்சின் அணைந்துதான் இருந்தது, பெடலை யாரும் தொடவில்லை, ஆனாலும் லீவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இடைவெளி. சூடானால் எதுவோ கேபிளை இழுத்துப் பிடிக்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது.

எது என்றுதான் தெரியவில்லை. கேபிள் லீவரிலிருந்து கிளம்பி, மற்ற ஒயர்களோடும் குழாய்களோடும் ஒரே கட்டாகச் சேர்ந்து, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவரின் ஓட்டைக்குள் ஒழுங்காகப் போய் மறைந்தது. பார்க்கப் பாடப் புத்தகத்துப் படம் போல இருந்தது. அதில் எதைச் சந்தேகப்படுவது?

நிதானத்திடம் போய்ச் சொன்னேன். "அப்ப கேபிள் உள்ளுக்குள்ள துரு பிடிச்சிருக்கும் தம்பி. மாத்திடலாம். இந்த வண்டிக்கு வெளியூர்லேருந்து வரணும்."

"எப்ப வரும்?"

"நிதானமா வரும்."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் சித்தி வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். சாவி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. வெயில் காலம். மூலையில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும்போது எல்லோருக்கும் முறை வைத்துக் காற்று வந்தது.

நான் கண்டதைச் சொன்னேன். டிக்கெட், லீவர், எல்லாம். தங்கச்சி கவனமாகக் கேட்டாள்.

"அண்ணா, நீ சொல்றதை நம்பறேன். ஆனா கேபிள்தான்னு உறுதியாத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியாது."

"கேபிள் மாத்தினா சரியாயிடுமா?"

"ஆகலாம்."

"டிக்கெட் கீழ விழுந்துதுன்னு சொல்றான்," என்றார் சித்தப்பா, "அது காத்துலகூட விழுந்திருக்கும்."

"அப்ப கேபிள் வந்து, மாத்தி, சரியாகற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்," என்றாள் தங்கச்சி. "அம்மா, தப்பா நெனைக்காதே."

அவள் சொன்னது நியாயம். சித்தி தட்டைத் தள்ளிவைத்தாள். கையைத் துடைத்தாள். சாவியை எடுத்து மகள் பக்கம் நகர்த்தினாள். யாரும் சாப்பிடவில்லை. சித்தப்பா எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று ஃபேனைப் பார்த்தார். அதன் ஒயர் சுவருக்கும் ஃபேனுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்தார். கேபிள் டை என்பார்கள், நாடக மேடையில் ஒயர்களை இழுத்துக் கட்டுவது. ஒரு முனையை இன்னொரு முனைக்குள் விட்டு இழுத்தால் இறுகும், திரும்ப வராது. தொங்கும் ஒயரை ஃபேன் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, சர்ரென்று இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஃபேன் அம்மா பக்கம் திரும்பியது. சித்தி பக்கம் திரும்பியது. என் பக்கம் வந்தபோது ஒயர் விறைத்தது. டக். தலை அங்கேயே நின்று நடுங்கியது. டக். டக்.

"என்ன செஞ்சீங்க சித்தப்பா?" என்றேன்.

"ஒண்ணும் செய்யலையே."

"இப்ப எழுந்து போய் என்னமோ செஞ்சீங்களே."

"அதுவா. சும்மா."

நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரமாகத் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் எதுவும் செய்வதில்லை. சும்மாதான் செய்வார்கள்.

"சரி, வேற மாதிரி கேக்கறேன். வண்டில யாரு சும்மா என்ன செஞ்சீங்க?"

அம்மா தொண்டையைச் செருமினாள். "நான் சும்மா கதவு கீச்சுங்குதேன்னு கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"தலைக்குத் தேய்க்கறது."

"அதான் கதவைத் தொட்டா முடியெல்லாம் ஒட்டுது," என்றாள் சித்தி.

"நான் சும்மா சீட்டை ஒரு பல் முன்னாடி தள்ளினேன்," என்றாள் தங்கச்சி. "அம்மாக்கு முட்டி ரொம்ப நீட்ட வேண்டாம்னு."

"வண்டியைத் தொடறதே இல்லன்னே?"

"சீட்டைத்தானேண்ணா தொட்டேன்."

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். டக், என்றது ஃபேன்.

"நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "போன நாடகம் முடிஞ்சு வீட்ல இருந்தேன் இல்ல. கண்ணாடி கழுவற வாஷருக்குத் தண்ணி ஊத்தறதுக்காக பானெட்டைத் திறந்தேன். உள்ள பாத்தா ஒயர் ஒரு பக்கம், பைப் ஒரு பக்கம். நம்ம வீட்டு எஞ்சின் மாதிரியா இருந்துது? சும்மா எல்லாத்தையும் சேர்த்துக் கட்டினேன். அது ஒரு வேலையா?"

"அதுக்கப்புறம்தான் உறும ஆரம்பிச்சுது," என்றாள் சித்தி மெதுவாக.

"எதோட எதைக் கட்டினீங்க?"

"கனமா ஒரு ரப்பர் பைப் போகுதே. அதான் பலமா இருந்துது. அதோட எல்லாத்தையும்."

நான் எழுந்துவிட்டேன்.

*

வண்டியை வாசலில் நிறுத்திச் சூடாகும் வரை ஓடவிட்டோம். பொறுமையாக நின்றோம், ஐந்து பேரும், சாப்பிட்ட கையோடு. சீட்டில் யாரும் இல்லை. அதில் தங்கச்சி கண்டிப்பாக இருந்தாள். "ஒரு காலும் உள்ள இருக்கக் கூடாது," என்றாள்.

கனமான ரப்பர் பைப் என்பது எஞ்சினிலிருந்து ஹீட்டருக்கு வெந்நீர் போகும் குழாய். ஆறியிருக்கும்போது தொளதொளவென்று வளைந்து கிடந்தது. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடி, தூங்கி எழுந்த பாம்பு போல மெல்ல விறைத்து நிமிர்ந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் அதன் முதுகில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. குழாய் நிமிர்ந்தபோது கேபிளும் கூடவே போயிற்று. லீவர் ஸ்க்ரூவை விட்டு ஒரு நகக்கண் அளவு விலகியது.

எஞ்சின் உறுமியது. ஓட்டுநர் சீட் காலியாக இருந்தது.

"ஆளில்லாமயே மிதிக்குது," என்றாள் அம்மா.

ராஜ்யமே அழிந்தாலும் கருவிகள் இல்லாமல் நகராத சித்தப்பா, பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. "நீங்களே வெட்டுங்க."

குழாயின் சூட்டுக்கு விரலைத் தட்டித் தட்டி எடுத்தபடி அவர் முதல் பட்டையை வெட்டினார். இரண்டாவதை. மூன்றாவதில் கேபிள் துள்ளி விலகியது. லீவர் டப்பென்று ஸ்க்ரூவின் மேல் வந்து உட்கார்ந்தது. உறுமல் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. முள் ஆயிரத்துக்குக் கீழே வந்து, கொஞ்சம் ஆடி, நின்றது. பூனை தூங்கியது.

தங்கச்சி குனிந்து முள்ளைப் பார்த்தாள். லீவரைப் பார்த்தாள். வெட்டப்பட்டுக் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள். சாவி வண்டியில் இருந்தது. அதனால் வெறும் கையை நீட்டி அம்மாவின் முதுகில் தட்டினாள். "கால் நல்லா இருக்கும்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் சித்தி. இந்த முறை மறுபடி கேட்கவில்லை.

சித்தப்பா வெட்டிய பட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கட்டினது தப்பில்ல. பைப்போட கட்டினதுதான் தப்பு. பாடியில கட்டியிருந்தா..."

"ஏங்க."

"என்ன?"

"கூடம் கோணல்தான். இப்ப ஒத்துக்கறீங்களா?"

அவர் பட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

"கோணலாக்கினது யாருன்னும் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். மெக்கானிக் வேற கேட்டாரு, யாரு இவ்ளோ அழகா கட்டினதுன்னு. நான் பாவம் அந்தப் பல் டாக்டர் பேரைச் சொல்லிட்டேன்."

"அழகா கட்டியிருக்குன்னாரா?" என்றார் சித்தப்பா. முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அதைச் சித்தி பார்த்துவிட்டாள்.

"ஏறுங்க," என்றாள்.

"எங்க?"

"பெரிய சிக்னல் வரைக்கும். நின்னுட்டு வரலாம்."

அவர் ஏறினார் என்று சொல்ல முடியாது. முதலில் ஒரு காலை விட்டு, பிறகு தலையைக் குனிந்து, பிறகு மொத்தமாக விழுந்தார். சித்தி வண்டியை வாங்கிய இந்த ஒரு வருடத்தில் அதற்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினார். கையில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்து பார்த்து, அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். சித்தி செருப்பைக் கழற்றவில்லை, வேண்டுமென்றே. தெருவில் ஒரு லாரி போகக் காத்திருந்தாள். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டுக்குக் கீழே, சித்தப்பாவின் முட்டிக்கு நேராக, ரேடியோவின் ஒயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்கப் பார்த்தார். லாரி போய் முடிவதற்குள் அவர் கை மெல்லப் பாக்கெட்டுக்குள் போயிற்று.

சித்தி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா இருங்க," என்றாள்.

அவர் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது.